ஒராபி பாஷாவின் கண்டி வீடும் எங்கள் உம்மும்மாவும்

சென்ற டிசெம்பர் விடுமுறையில் நாங்கள் கண்டிக்குப் போனது பேராதனைப் பூங்காவைப் பார்ப்பதற்காக. சிறியவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தோம். ஹல்லொலுவ வீதியில் உள்ள ஒரு பழைய வீட்டையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் தம்பி வேனில் ஏறியிருக்கவே மாட்டான். "பழைய வீடு பாக்கிறதுக்கு இவ்வளவு தூரமா? எங்கட வீடே பழசுதானே!" என்று அவன் பிறகு சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

புத்தளத்திலிருந்து கண்டிக்குப் போகும் வழி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். நிக்கவெரட்டியவில் தேநீர், குருநாகலில் யானைப் பாறையைக் காட்டி "அதோ தும்பிக்கை" என்று ஒருவருக்கொருவர் சண்டை, கலகெதரை ஏற்றத்தில் கட்டாயம் யாராவது ஒருவருக்கு வாந்தி. இந்தமுறை சாச்சியின் சின்ன மகளின் முறை. மாமா வேனை ஓரமாக நிறுத்த, உம்மா தேசிக்காயை முகரக் கொடுக்க, உம்மும்மா மட்டும் முன் ஆசனத்தில் தஸ்பீஹை உருட்டியபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு வாந்தியும் வருவதில்லை, தூக்கமும் வருவதில்லை.

எந்த வீட்டைப் பார்க்கப் போனோம் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். மிஸ்ர் தேசத்தின் தலைவர் அஹ்மத் ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டு எங்கள் நாட்டில் இருந்த காலத்தில், கண்டியில் குடியிருந்த வீடு அது. இன்று ஒராபி பாஷா கலாசார நிலையமாகப் பாதுகாக்கப்படுகிறது. உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் எனக்கு, ஒராபி பாஷா என்பவர் குறிப்புப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியாகத்தான் அறிமுகமானார்: "இலங்கை முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்கு ஊக்கமளித்தவர்களுள் ஒருவர்." பரீட்சைக்கு அந்த வரி போதும். ஆனால் ஊக்கமளிக்கவா அவர் இங்கே வந்தார்? தானாக வரவில்லையே! அந்தக் கேள்விதான் என்னை அந்த வீடு வரைக்கும் இழுத்துச் சென்றது.

அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1841ஆம் ஆண்டு நைல் கழிமுகப் பகுதியில், ஸகாஸீக் நகருக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறு வயதில் அல்-அஸ்ஹரில் சில காலம் ஓதினார். பிறகு படையில் சேர்க்கப்பட்டார். அக்காலத்தில் மிஸ்ர் படையின் உயர் பதவிகள் துருக்கிய, சர்க்கேசியப் பரம்பரையினரின் கையில் இருந்தன. மண்ணின் மைந்தன், அதுவும் விவசாயி மகன், மேலே வருவது அரிது. ஒராபி வந்தார், கேணல் ஆனார். அரசாங்கமோ வெளிநாட்டுக் கடனில் மூழ்கிக் கிடந்தது. கடன் கொடுத்த பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் நாட்டின் நிதியையே தம் மேற்பார்வையில் வைத்திருந்தார்கள். 1881 செப்டெம்பர் 9ஆம் திகதி, கெய்ரோவின் ஆப்தீன் மாளிகை முன்றலில் படையினரோடு போய் நின்று, கெதீவ் தௌபீக்கிடம் பாராளுமன்றம் வேண்டும் என்று நேருக்கு நேர் கேட்டார். "மிஸ்ர் மிஸ்ரியருக்கே" என்பது அவர்களின் முழக்கம். அடுத்த ஆண்டு ஜூலை 11இல் பிரித்தானியக் கப்பற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுகளால் தாக்கியது. செப்டெம்பர் 13 அதிகாலை தல் அல்-கபீரில் நடந்த போரில் ஒராபியின் படை தோற்றது. அந்தப் போர் ஒரு மணி நேரம் கூட நீடிக்கவில்லை என்கிறார்கள். டிசெம்பர் 3ஆம் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டு, உடனேயே அது நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. பட்டமும் சொத்தும் பறிபோயின. அவரும் அவருடைய தோழர்கள் ஆறு பேரும் குடும்பங்களோடு 'மாரியோட்டிஸ்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, 1883 ஜனவரி 10ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்தை அடைந்தார்கள்.

இதையெல்லாம் நான் வேனிலேயே சிறியவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டேன். அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. மாரி பிஸ்கட் பெட்டிக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

வீடு மரங்களுக்கிடையே இருக்கும் பழைய காலத்துப் பங்களா. உள்ளே சுவரில் படங்கள். துருக்கித் தொப்பியும் தாடியுமாக ஒராபி பாஷா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறிப்புப் புத்தகமும் பேனாவுமாக ஒவ்வொரு படத்தின் கீழும் நின்று எழுதத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் தம்பி, "ராத்தா, பூங்காக்கு எப்ப போற?" என்று என் ஷோலைப் பிடித்து இழுத்தான்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளை இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போகும்போது நாங்கள் எல்லோரும் செய்யும் பிழையை நானும் அன்று செய்தேன். ஏழு வயதுப் பிள்ளையின் காதில் ஆண்டுகளை ஊற்றினேன். 1882 என்பது அவனுக்கு என்ன? வாப்பா சிறுவனாக இருந்த காலமும் டைனோசர் இருந்த காலமும் அவனுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அவனை அமைதியாக்கியது என் விளக்கம் அல்ல, அவனுடைய சொந்தக் கேள்விதான். படங்களை விட்டுவிட்டு வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தவன் திடீரென்று கேட்டான்:

"அவருக்குத் தண்டனை குடுத்ததெண்டு சொன்னீங்களே, இது ஜெயிலா?"

"ஒரு மாதிரி ஜெயில்தான்" என்றேன்.

"ஜெயில் எண்டா ஏன் இவ்வளவு ஜன்னல்?"

நான் பதில் தேடினேன். மாமாவும் தேடினார். சாச்சியின் மூத்த மகளுக்கு வயது ஒன்பது. அவள்தான் முந்திக்கொண்டாள்: "கடல் இருக்குதானே, எப்பிடி ஓடுற?" அதன் பிறகு சிறியவர்கள் மூவரும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று, இதிலிருந்து பார்த்தால் மிஸ்ர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். வாப்பா கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து கொடுத்தார். கிப்லாவின் பக்கம்தான் ஏறக்குறைய மிஸ்ரும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டபோது தம்பி, "அப்ப அவர் தொழும்போதெல்லாம் வீட்டைப் பாத்துத்தான் நிண்டிருக்கிறார்" என்றான். ஒரு பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

ஒராபி பாஷா முதலில் கொழும்பில்தான் இருந்தார். கொழும்பின் ஈரக் காற்று உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பல தடவை மனுப் போட்டிருக்கிறார். 1892இல் கண்டிக்கு வந்தார். வாக்குக் கொடுத்துவிட்டதால் காவலுக்கு ஆள் இல்லை. நடக்கலாம், விருந்துக்குப் போகலாம், பள்ளிவாசலுக்குப் போகலாம். அரசாங்கம் உதவித்தொகையும் கொடுத்தது. ஆங்கிலமும் படித்துக்கொண்டார். ஊருக்கு மட்டும் போக முடியாது.

அவர் வந்து இறங்கிய காலத்தையும் கவனிக்க வேண்டும். அப்போதைய எங்கள் சமூகம், ஆங்கிலப் பாடசாலைக்குப் போனால் பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுவிடுவார்கள் என்று அஞ்சி ஒதுங்கியிருந்த சமூகம். அந்த அச்சம் வீண் அச்சம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அக்காலப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை மிஷனரிமார்தான் நடத்தினார்கள். ஆனால் அச்சத்தின் விலை அறியாமையாக இருந்தது. இதை எழுதியும் பேசியும் போராடியவர் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் அறிஞர் சித்திலெப்பை. அவருடைய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கியது 1882 டிசெம்பரில். பாஷாமார் கரையிறங்கியது அடுத்த மாதம். பத்திரிகையின் மை காய்வதற்குள், மிஸ்ரிலிருந்து ஒரு தலைவரே வந்து சேர்ந்துவிட்டார்! சித்திலெப்பைக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். தன் ஊரார் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்கலாம். அல்-அஸ்ஹரில் ஓதி, பீரங்கிகளின் முன் நின்று வந்தவரைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாதே. 1884இல் கொழும்புப் புதிய சோனகத் தெருவில் மத்ரஸா ஒன்று தொடங்கப்பட்டது. 1892இல் மருதானையில் இன்றைய ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கமான பாடசாலை உருவானது. கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் அதற்கு முன்னின்று உழைத்தார். ஒராபி பாஷா போஷகராக இருந்தார். சித்திலெப்பை பெண்பிள்ளைகளுக்கும் கண்டியில் பாடசாலை தொடங்கினார். இந்தச் சஞ்சிகையை இப்போது கையில் வைத்திருக்கும் மாணவிகளாகிய நாங்கள், அந்தப் பாடசாலைக்கு எங்கோ ஓரிடத்தில் கடன்பட்டிருக்கிறோம்.

தொப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டு அலுமாரியில் உம்மும்மாவின் வாப்பாவுடைய திருமணப் படம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி அணிந்திருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படம்தான். சிவப்பு என்பது உம்மும்மா சொன்னது. பாஷாமாரைப் பார்த்துத்தான் இந்தத் தொப்பி இலங்கை முஸ்லிம்களிடையே பரவலானது. 1905இல் வழக்கறிஞர் எம். ஸீ. அப்துல் காதர் அதை அணிந்து உயர் நீதிமன்றத்தில் ஆஜராகக் கூடாது என்று தடை வந்தபோது, நாடு முழுவதும் முஸ்லிம்கள் திரண்டெழுந்தார்கள். அந்தத் தொப்பியை எங்களுக்கு அறிமுகம் செய்தவர் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஊர் திரும்பிவிட்டார்.

தமிழ் படிக்கும் மாணவிகளுக்கு இன்னொரு விடயமும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது இதுதான். 1885இல் சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று படிக்கிறோம். அதன் நாயகன் அசன் யாழ்ப்பாணத்தவனோ கண்டியவனோ அல்லன். மிஸ்ரில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, இறுதியில் தன் சொந்த மண்ணையும் சொந்தப் பெற்றோரையும் சென்றடைபவன். "ஈழத்து முதல் நாவல் ஏன் ஈழத்தைப் பற்றிப் பேசவில்லை?" என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். விமர்சகர்களும் கேட்டிருக்கிறார்கள். கதை மிஸ்ரில் நடந்தாலும் அதில் ஈழத்தின் ஒரு மூலை இருக்கிறது என்பது என் எண்ணம். நாவல் எழுதப்பட்ட நாட்களில் மிஸ்ரிலிருந்து பறிக்கப்பட்ட ஏழு பேர் இதே கொழும்பில், சித்திலெப்பையின் அயலில், ஊருக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு பழகிய ஒருவர், மிஸ்ரிலிருந்து பிரிக்கப்பட்டவன் கடைசியில் வீடு போய்ச் சேரும் கதையை எழுதுகிறார். கற்பனையில் மட்டுமாவது ஒருவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

எழுவரில் மூவர் இம்மண்ணிலேயே மௌத்தாகிவிட்டார்கள். முன்னாள் பிரதமரும் நவீன அரபுக் கவிதையின் முன்னோடியுமான மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி இங்கே இருந்தபோது பார்வையை இழந்தார். சரந்தீபைப் பற்றிய அவருடைய கவிதைகளை அரபு மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1899இல்தான் அவருக்கு அனுமதி கிடைத்தது. தன் ஊரின் கரையை அவர் கண்ணால் காணாமலே போய் இறங்கினார்.

இதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் உம்மும்மாவைக் காணவில்லை என்று தெரிந்தது. தேடிப் போனால், வீட்டின் பின்புறம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன உம்மும்மா தேடுறீங்க?"

"கிணறு எங்க மகள்? வீடெண்டா கிணறு இருக்கோணுமே. இங்க ஒண்டையும் காணேல்ல."

மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியும். உம்மும்மாவின் வீடு யாழ்ப்பாணத்தில், சோனகத் தெருப் பகுதியில் இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு, உம்மாவுக்குப் பத்து. அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேல். எங்கள் குடும்பம் நடந்தும் லொறியிலும் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. முகாமில் ஓலைக் குடிசை, தண்ணீருக்கு வரிசை. உம்மும்மா தங்க நகையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதை மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அந்தப் பகுதியில் பல கிணறுகள் உவர் என்றும், இவர்களுடையது மட்டும் இனிப்பு என்றும், நோன்பு காலத்தில் அயலவர்கள் வந்து அள்ளிப் போவார்கள் என்றும் சொல்வார்.

போர் முடிந்த பிறகு ஒருமுறை எல்லோரும் பார்க்கப் போனோம். எனக்கு அப்போது ஐந்து வயது. கூரை இல்லாத சுவர்கள், நடுவே ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் எனக்கு நினைவு. உம்மும்மா கிணற்றை எட்டிப் பார்த்தார். உள்ளே செங்கல்லும் புதரும் நிரம்பியிருந்தது. தெருவில் போனவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. "யாரைத் தேடுறீங்க அம்மா?" என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். தன் வாசலில் நின்றபடி உம்மும்மா, "ஒருத்தரையுமில்ல" என்றார்.

ஒராபி பாஷாவுக்கு 1901இல் மன்னிப்புக் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. நாற்பத்தொரு வயதில் வந்தவர் அறுபது வயதில் கப்பல் ஏறினார். இந்தக் கதையை வாசிக்கும் எவரும் அலெக்சாந்திரியாவில் மேளதாளத்தோடு வரவேற்பு நடந்திருக்கும் என்றுதான் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது வேறு. அவர் போகும்போது சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது நாட்டின் புதிய தலைவர்கள். ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்ததற்கு நீதான் காரணம் என்றார்கள். ஆங்கிலேயரைப் பற்றி நல்ல வார்த்தை பேசினாய் என்றும் குற்றம் சாட்டினார்கள். அரபு உலகமே கொண்டாடும் கவிஞர் அஹ்மத் ஷவ்கி, திரும்பி வந்த கிழவரைப் பரிகசித்துக் கவிதை எழுதினார். பத்தாண்டுகள் ஓசையின்றி வாழ்ந்து, 1911 செப்டெம்பர் 21இல் கெய்ரோவில் மௌத்தானார். 1952 புரட்சிக்குப் பின்னர்தான் மிஸ்ர் அவரைத் திரும்பவும் வீரராக ஏற்றுக்கொண்டது.

பகல் சாப்பாட்டுக்கு வேனில் உட்கார்ந்து புரியாணிப் பொதியைப் பிரித்தபோது இதை நான் உம்மும்மாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பிறகு, "அவருக்குக் கண்டியில இருந்தவங்களையெல்லாம் ஞாபகம் வந்திருக்கும்" என்றார். நான் எதிர்பார்த்தது வேறு. அநியாயம் என்று சொல்வார், எங்களைப் போலத்தான் என்று சொல்வார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பியவருக்கு நாடு கடத்தப்பட்ட இடத்தின் ஞாபகம் வரும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. புத்தளத்தில் உம்மும்மா நட்ட முருங்கையையும், வைத்த கடையையும், முகாமில் கூட இருந்து இப்போது சகோதரி போலாகிவிட்ட பெண்ணையும் அதன் பிறகுதான் நினைத்தேன். ஒராபி பாஷா இங்கிருந்து மாம்பழ வித்துகளைக் கொண்டுபோனார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அந்தக் கதையை இப்போது என்னால் நம்ப முடிகிறது.

பேராதனைப் பூங்காவுக்கும் போனோம். சிறியவர்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மாலை மஃரிபுக்குப் பிறகு புறப்பட்டு, கலகெதரையில் இறங்கும்போது எல்லோரும் உறங்கிவிட்டார்கள், உம்மும்மாவைத் தவிர.

ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் எங்கு போனாலும், வீட்டில் உள்ள முதியவர்களையும் கூட்டிப் போங்கள். பாதை கஷ்டம், கால் வலி என்று அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். உம்மும்மா வராமல் போயிருந்தால் நான் பதினைந்து படங்களின் கீழ் உள்ள எழுத்துக்களைப் பிரதிபண்ணிக்கொண்டு வந்திருப்பேன். மாணவிகள் ஒரு கொப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஆனால் உள்ளே போனதும் திறக்காதீர்கள். வெளியே வந்தபின் திறவுங்கள்.

என் கொப்பியில் இப்போது ஒராபி பாஷா நான்கு பக்கங்கள். ஐந்தாவது பக்கத்திலிருந்து ஒரு வரைபடம். உம்மும்மாவின் ஒழுங்கையில், பள்ளிவாசல் முனையிலிருந்து தொடங்கி, இடப்பக்கம் வலப்பக்கமாக எந்தெந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்த வீட்டில் மாதுளை மரம், எந்த வீட்டில் தையல் மெஷின் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தம்பி வீடுகளுக்கு ஜன்னல் வரைகிறான். இதுவரை பதினொரு வீடுகள் முடிந்துவிட்டன. பன்னிரண்டாவது வீட்டில் இருந்தது யார் என்பதில் உம்மும்மாவுக்கும் அவருடைய தங்கைக்கும் தொலைபேசியில் மூன்று நாளாகத் தர்க்கம், இன்னும் முடியவில்லை.